ஓடுற சக்கரத்துல துரு ஏது?

“ஓடுற வண்டின்னு சொல்ற. சக்கரத்துல எப்படிம்மா துரு வரும்?”

மூன்று வாரம் தூக்கம் கெட்டு நான் செய்த ஜல்லி வேகனைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு தாத்தா கேட்ட முதல் கேள்வி இது. கிள்ளான் ரயில் பாதையில் தண்டவாளப் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்து புக்கிட் குடாவையும் இணைத்து 1886இல் திறக்கப்பட்ட பாதை அது. ஷா ஆலமில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போக இன்று கொமுட்டர் ஏறுவதும் அதே பாதையில்தான். தாத்தாவின் பார்வை வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. அவருக்குக் கண் தெரியும்போதே அவர் வேலை பார்த்த வண்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி, 87இல் 1 பங்கு அளவில் செய்தேன். அந்த அளவில் ஒரு மனிதனின் உயரம் 2 சென்டிமீட்டர்கூட வராது. சாயம் பூசி முடித்ததும் பொம்மைக் கடையில் வாங்கியது போல் பளபளத்தது. பழசாகக் காட்ட வேண்டும். மாதிரி செய்பவர்கள் இதற்குத் தூள்களையும் பாஸ்டல்களையும் பயன்படுத்துகிறார்கள்.

இங்கேயே முதல் தவறு செய்தேன். தொடக்கப்பள்ளியில் வரைந்தோமே, அந்த எண்ணெய் பாஸ்டலை வாங்கி வந்தேன். அது தூளாகாது, மெழுகு போல் அப்பிக்கொள்ளும். தேவைப்படுவது சாக்பீஸ் மாதிரி உதிரும் மென் பாஸ்டல். நிறமித் தூளோடு சுண்ணாம்புத் தூள் போன்ற ஒன்றும் கொஞ்சம் கோந்தும் சேர்த்துச் செய்த குச்சி அது. உப்புத்தாளில் தேய்த்தால் தூள் கொட்டும். கறுப்பு, சாம்பல், செம்பழுப்பு என்று மூன்று குச்சி இருந்தால் போதும். கடையில் ‘டாமியா’ நிறுவனத்தின் தயார் வண்ணங்களும் கிடைக்கின்றன. முகப்பவுடர் டப்பா போலவே இருக்கும், பஞ்சோடு வரும். எனக்குக் குச்சியே கட்டுப்படியானது. தூரிகைக்கு அம்மாவின் ஒப்பனைப் பெட்டியைத் திறந்தேன். (இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை.)

தூள் பளபளப்பான பரப்பில் நிற்காது, வழுக்கி விழும். அதனால் முதலில் பளபளப்பில்லாத வார்னிஷ் அடிக்க வேண்டும். அந்தச் சொரசொரப்பில்தான் தூள் பிடித்துக்கொள்ளும். மூலைமுடுக்கில் அழுக்கு தங்க வேண்டுமானால் தூளைத் தூவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் போதும். அது ஆவியாகிப் போகும், தூள் இடுக்கில் படிந்துவிடும். கடைசியாக மேலே வார்னிஷ் அடிக்கும்போது மனசு உடையும், ஏனென்றால் பூசியதில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் முதலிலேயே சற்றுத் தூக்கலாகப் பூசிக்கொள்ள வேண்டும். முகக்கவசம் கட்டாயம், நுண்தூள் நுரையீரலுக்கு ஆகாது. காற்றாடியையும் நிறுத்த வேண்டும். ஷா ஆலம் வெயிலில் காற்றாடி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

துருவுக்கு நாம் தூவும் செம்பழுப்புத் தூளின் நிறமி பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. உண்மையான துருவும் இரும்பு ஆக்சைடு வகைதான். நம் ஊர்ச் செம்மண் சிவப்பதற்கும் அதுவே காரணம்.

மாதிரி ரயிலை அழுக்காக்கிக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜான் ஆலன். கலிபோர்னியாவில் தன் வீட்டின் அடித்தளத்தில் ஒரு மலை ரயில் உலகத்தையே கட்டினார். 1973இல் அவர் இறந்த சில நாள்களில் அது தீக்கிரையானது. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்து விண்கலங்கள் ஏதோ பழைய லாரி மாதிரி தெரிந்ததற்கும் இதே அழுக்கு வேலைதான் காரணம்.

தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். நான் இணையத்தில் பார்த்த பாலைவன டாங்கிப் படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு சக்கரம் முழுக்கத் துருவும், வேகன் முழுக்கச் செம்மண்ணும் பூசியிருந்தேன்.

“தண்டவாளத்துல உரசுற இடம் கண்ணாடி மாதிரி மின்னும்மா. சக்கரத்தோட பக்கத்துலதான் பிரேக்குக் கட்டை தேஞ்ச தூள் பழுப்பா ஒட்டும்” என்றார். அப்புறம், “ஜல்லி ஏத்துற வண்டியில செம்மண்ணுக்கு என்ன வேலை? அது கருங்கல் தூசு, சாம்பக் கலரு. மழ பட்டா கீழாக்க கோடு கோடா எறங்கும்.”

மறுநாள் கொமுட்டர் நிலையத்தில் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தேன். மேல் பரப்பு வெள்ளிக் கம்பி போல் மின்னியது, பக்கவாட்டில் பழுப்பு. இரண்டு வருடமாக அதே நடைமேடையில்தான் நிற்கிறேன். நின்றதெல்லாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டுதான்.

எல்லாவற்றையும் கழுவிவிட்டு மறுபடி தொடங்கினேன். சக்கரத்தின் ஓடுபரப்பில் பென்சில் கரியைத் தேய்த்தால் உலோகம் போலவே மின்னுகிறது. பக்கங்களில் பழுப்பு, உடம்பில் சாம்பல், அதில் ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழாக மழைக்கோடுகள். இந்த முறை தேர்வு வாரமும் சேர்ந்துகொண்டதால் கடைசி வார்னிஷ் அடிக்க நேரமில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தாத்தா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஜல்லி கொட்டும் கதவின் கைப்பிடியைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். “இங்கதான் புடிச்சு இழுப்போம். இந்த எடத்துல மட்டும் அழுக்கு நிக்காது.” தூள் அவர் விரலோடு வந்துவிட்டது.

அடுத்த வாரம் வார்னிஷ் அடித்தேன். அந்த இடத்தில் மட்டும் திரும்பத் தூள் பூசவில்லை.