சத்தம் கேட்டால் போதுமா? ஆய்வகத்து ஃபியூம் ஹூட்டை எப்படிச் சோதிக்கிறார்கள்?

திருநகர் வீடொன்றில் வரமிளகாய் தாளிக்கிறீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது; ஆனாலும் கூடத்தில் இருப்பவருக்கு இருமல். ஏன்? சீலிங் ஃபேன் காற்று நெடியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டது.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் இதே சிக்கல்தான். அங்கே நெடி கிளப்பும் அமிலங்களை ஃபியூம் ஹூட் என்ற பெட்டிக்குள் வைத்துத்தான் கையாள்வார்கள். முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடிக் கதவு, மேலே காற்றை உறிஞ்சும் குழாய். விசிறிச் சத்தம் கேட்டாலே பாதுகாப்பு என்று நம்பலாமா? கூடாது.

சோதனையில் முதலில் பார்ப்பது, வாயில் வழியே உள்ளே போகும் காற்றின் வேகம். வாயிலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அனிமோமீட்டர் என்ற காற்றுவேகமானியால் அளப்பார்கள். நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர் இருந்தால் நல்லது. கூடினால் இன்னும் நல்லதுதானே என்கிறீர்களா? இல்லை! வேகம் மிஞ்சினால், எதிரே நிற்பவரின் மார்பருகே காற்று சுழன்று நெடியை முகத்துக்கே கொண்டுவரும்.

அடுத்தது புகை. வாயிலருகே விட்ட புகை முழுதும் உள்ளே போகிறதா, விளிம்பில் சுருண்டு வெளியேறுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

கடைசியில் ஒரு பொம்மை! அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த ‘ஆஷ்ரே 110’ சோதனை முறைப்படி, ஹூட்டின் முன் ஆள் போல ஒரு பொம்மையை நிறுத்துவார்கள். உள்ளே சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் விடுவார்கள். பொம்மையின் மூக்கருகே உள்ள கருவி கசிவை அளக்கும்.

இந்தச் சோதனைகளில் தேறிய ஹூட்டின் பாதுகாப்பையும் நாம் கெடுத்துவிட முடியும். கதவை முழுக்கத் திறக்காதீர்கள். குடுவையை விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். பின்னால் யாரும் விறுவிறுவென்று நடக்க வேண்டாம்.