முழங்காலில் வலி, முதுகில் நோய்!

முழங்கால் வலிக்கிறது. தைலம் தேய்க்கிறார்கள், கட்டுப் போடுகிறார்கள். மாதக் கணக்காகியும் வலி நிற்கவில்லை. "என்றைக்கோ வழுக்கி விழுந்த அடி" என்கிறார்கள் வீட்டில்.

ஆனால், காலில் கோளாறே இல்லாமல் இருக்கலாம்!

அது எப்படி? காலுக்குப் போகும் நரம்புகள் முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து புறப்படுகின்றன. அங்கே எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. அது பிதுங்கி நரம்பை அழுத்தினால், அந்த நரம்பு போய்ச் சேரும் இடத்தில் வலிக்கும். தொடை, முழங்கால், பாதம், எங்கு வேண்டுமானாலும் வலிக்கலாம். வாசலில் பொத்தானை அழுத்தினால் வீட்டுக்குள் மணி அடிக்கிறதல்லவா? அதுபோலத்தான். சிலருக்கு முதுகில் வலியே இராது.

டாக்டர்களும் இதில் ஏமாந்தவர்களே. ஒரு காலத்தில், இடுப்பின் பின்புறத்து மூட்டின் மேல் பழி போட்டார்கள். பிதுங்கிய வட்டுதான் பலருடைய கால் வலிக்குக் காரணம் என்று 1934-ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் காட்டினார்கள்.

எக்ஸ்ரேயும் ஏமாற்றும். வயதானவர்களின் முழங்காலில் தேய்மானம் தெரிவது சகஜம். அதைக் கண்டதும் தேடுவதை நிறுத்தி விட்டால் போச்சு! பிதுங்கிய வட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் நன்றாகத் தெரியும்.

மூட்டில் கோளாறு என்றால் பெரும்பாலும் மூட்டு வீங்கும், அழுத்தினால் வலிக்கும். நரம்பு வலியோ மின்சாரம் போல மேலிருந்து இறங்கும். கால் மரத்துப் போகும். இருமினால், தும்மினால் சுரீர் என்று இழுக்கும். டாக்டர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

ஆபரேஷனை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானே குறைகிறது. ஆனால் சிறுநீர் போக முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துவிட்டது, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.