முகத்துல தெரியுறது வயசா, வெயிலா?

இன்னைக்கு எபிசோடை ஒரு தேதியில இருந்து ஆரம்பிக்கலாம். 2023 ஜூன் 28. அன்னைக்கு தென் கொரியாவுல எல்லாருக்கும் ஒண்ணோ ரெண்டோ வயசு குறைஞ்சுது. மாயம் எல்லாம் இல்ல, சட்டம்தான். அங்க இருந்த பழைய வழக்கப்படி, பிறந்த அன்னைக்கே குழந்தைக்கு ஒரு வயசு. அப்புறம் ஒவ்வொரு ஜனவரி 1-லயும் எல்லாருக்கும் சேர்த்து இன்னொரு வயசு. டிசம்பர் 31-ல பிறந்த குழந்தைக்கு மறுநாளே ரெண்டு வயசு! இப்போ அரசாங்க வேலைகள்ல பொதுவா நாம எண்ணுற மாதிரிதான் எண்ணுறாங்க.

ஆனா சட்டத்தால காகிதத்துல இருக்கிற வயசைத்தான் மாத்த முடியும். எதிர்ல நிக்கிறவங்க நம்ம முகத்தைப் பார்த்து மனசுக்குள்ள ஒரு வயசு போடுறாங்களே, அதை என்ன பண்றது?

கொரியப் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. கே-டிராமா பார்க்கிறவங்களுக்குத் தெரியும், கொரிய மொழியில ஒருத்தரை எப்படிக் கூப்பிடணும், எவ்வளவு மரியாதையாப் பேசணும்னு முடிவு பண்றதுல வயசுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஒரு பொண்ணு தன்னை விடப் பெரியவளை 'ஒன்னி'ன்னு கூப்பிடுவா, அதாவது அக்கா. நடுத்தர வயசுப் பெண்ணுன்னா 'அஜும்மா'. அறிமுகமே இல்லாத ஒருத்தர் முதல் தடவை 'அஜும்மா'ன்னு கூப்பிட்டா பல பேருக்கு சுருக்குன்னு இருக்கும். நம்ம ஊர்ல 28 வயசுல 'ஆன்ட்டி'ன்னு கேட்ட மாதிரி. வயசை விடச் சின்னதாத் தெரியுற முகத்துக்கு 'டோங்-அன்', பெரிசாத் தெரியுற முகத்துக்கு 'நோ-அன்'னு தனித்தனி வார்த்தையே வச்சிருக்காங்க.

சரி, வயசைக் கணிக்கும்போது நம்ம கண்ணு எதைப் பார்க்குது? சுருக்கத்தைத்தானே? அது மட்டும் இல்ல. 2006-ல வெளியான ஒரு ஆய்வுல, எல்லாப் படத்துக்கும் ஒரே முக அமைப்பை வச்சு, சுருக்கங்களையும் எடுத்துட்டு, வேற வேற வயசுப் பெண்களோட தோல் நிறத்தை மட்டும் மாத்தி மாத்திக் காட்டினாங்க. அப்பவும் பார்த்தவங்க வேற வேற வயசு சொன்னாங்க. நிறம் சீரா இருந்தா இளமை, திட்டுத் திட்டா இருந்தா முதுமை. அந்தப் படங்கள்ல இருந்தது வெள்ளைக்காரப் பெண்களோட தோல். ஆனா கொரியப் பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

ஏன்னா, அவங்க தோல்ல மெலனின் கொஞ்சம் கூடுதல். அது யூவி கதிரை ஓரளவு தடுக்கிறதால, ஐரோப்பியப் பெண்களை விடச் சுருக்கம் பொதுவாத் தாமதமாத்தான் விழும். ஆனா அதே மெலனின் வெயிலுக்குச் சட்டுனு எதிர்வினை காட்டும். அதனால கன்னத்துல பழுப்புப் புள்ளி, மங்கு எல்லாம் முன்னாடியே வந்துடும். கோடு விழுறதுக்கு முன்னாடியே நிறம் வயசைக் கூட்டிக் காட்டிடுது.

அப்புறம் கோடுகளும் வரும். யூவி-ஏ கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்து, தோலோட அடி அடுக்குல இருக்கிற கொலாஜனைச் சிதைக்கும். மாதவிடாய் நின்ன முதல் 5 வருஷத்துல பெண்களோட தோல் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். மூக்கோரத்துல இருந்து வாயோரம் வரைக்கும் இறங்குற கோடு ஆழமாகும். அதுக்குக் கொரியாவுல 'பல்ஜா' சுருக்கம்னு பேரு. எட்டைக் குறிக்கிற சீன எழுத்து மாதிரி இருக்கிறதால அந்தப் பேரு. சியோல்ல நடந்து 2001-ல வெளியான ஒரு ஆய்வு, வெயில், சிகரெட் ரெண்டுமே தனித்தனியாச் சுருக்கத்தை அதிகமாக்குதுன்னும், ரெண்டும் சேர்ந்தா விளைவு பல மடங்கு ஆகுதுன்னும் சொல்லுது.

இங்கதான் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கு. முகத்தைப் பார்த்து நாம படிக்கிறது வாழ்ந்த வருஷத்தை மட்டும் இல்ல, பட்ட வெயிலையும்தான். ஜேஜு தீவுல கடல்ல மூழ்கிச் சிப்பி, கடற்பாசி எடுக்கிற 'ஹேன்யோ' பெண்களை எடுத்துக்கோங்க. 2016-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த மரபு அது. கடல்ல இருந்து வந்ததும் பல பேர் தோட்ட வேலைக்கும் போவாங்க. சியோல்ல ஏசி அறையில வேலை பார்க்கிற, அதே வயசுப் பெண்ணோட முகத்தையும் இவங்க முகத்தையும் பக்கத்துல வச்சா, வித்தியாசத்துல பெரும்பங்கு உழைப்போட கணக்கு. ஆனா 'ஹல்மோனி', அதாவது பாட்டிங்கிற பேரு, இவங்களுக்குத்தான் சீக்கிரம் வரும்.

இந்தக் கணிப்பு வேலை வாய்ப்பையும் தொடுது. கொரியாவுல விண்ணப்பத்துல போட்டோ ஒட்டுறது ரொம்ப நாள் வழக்கம். 2017-ல அரசுத் துறை வேலைகளுக்கு அதை எடுத்தாங்க. 2018-ல இளம் பெண்கள் பல பேர் மேக்கப் பொருட்களை உடைச்சு, படம் எடுத்துப் போட்டாங்க. 'தால்-கோர்செட்', அதாவது இறுக்குற கச்சையைக் கழட்டுறதுன்னு அந்த இயக்கத்துக்குப் பேரு.

அப்போ நாம என்ன பண்ணலாம்? தினமும் சன்ஸ்கிரீன், சிகரெட்டுக்கு நோ. இந்த ரெண்டுக்கும் ஆதாரம் உறுதியா இருக்கு. ரெட்டினாய்டு கிரீம் வேணும்னா டாக்டரைக் கேட்டுத்தான், கர்ப்பமா இருந்தா வேண்டவே வேண்டாம். பத்து நாள்ல பத்து வயசு குறையும்னு சொல்ற விளம்பரத்துக்குக் காசைக் கொட்டாதீங்க. அடுத்த தடவை ஒருத்தர் முகத்தைப் பார்த்து 'ஆன்ட்டி'ன்னு வாய் வரைக்கும் வந்தா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. பேரு கேட்டுக் கூப்பிட்டாப் போதும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.