கடை அலங்காரத்துக்கு எவ்வளவு? சரக்குக் காசைத் தொடாமல் கணக்குப் போடுவோம்

நமது ஊர்களில் கடைகளின் முகம் மாறி வருகிறது. முன்பெல்லாம் தச்சு பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, நான்கு ராக்கையும் ஒரு கண்ணாடி அலுமாரியும் அடித்துக்கொண்டால் கடை தயார். இன்று கொழும்பில் மட்டுமல்ல, அக்குறணையிலும் மாவனெல்லையிலும் காத்தான்குடியிலும் புதுக் கடை திறப்பவர்கள் இன்டீரியர் டிசைனரைத் தேடுகிறார்கள். இதில் தவறில்லை. நல்ல டிசைனர் ஒருவர் அதே இடத்தில் கூடுதலான சரக்கை ஒழுங்காகக் காட்டுவார். வாசலில் நிற்கும் வாடிக்கையாளரை உள்ளே நடக்க வைப்பார்.

பிரச்சினை பணத்தில்தான் வருகிறது. நான் டைல்ஸ், குளியலறைப் பொருட்கள் விற்கும் வியாபாரி. கடை முதலாளியும் டிசைனரும் சேர்ந்து வந்து சாமான் தெரிவு செய்வதை இருபது வருடங்களுக்கு மேலாக மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்து வருகிறேன். வேலை பாதியில் நிற்பதற்கும், கடை மின்னினாலும் ராக்கைகள் வெறுமையாகக் கிடப்பதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எவ்வளவு செலவழிக்கலாம் என்பது முதலில் முடிவாவதில்லை. முடிவானாலும் அது டிசைனரிடம் சொல்லப்படுவதில்லை.

தொகை எங்கிருந்து வர வேண்டும்?

வரைபடத்தைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யக் கூடாது. நமது கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். புடைவைக் கடை ஒன்றைத் திருத்த 30 இலட்சம் ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அலங்காரம் ஐந்து வருடம் தாங்கும் என்றால் வருடத்துக்கு 6 இலட்சம், மாதத்துக்கு 50,000 ரூபா. இது வாடகைக்கு மேலே இன்னொரு வாடகை. நூறு ரூபா விற்பனையில் 20 ரூபா மிஞ்சும் வியாபாரமானால், இந்த 50,000 ரூபாவைத் தேட மாதம் 2½ இலட்சம் ரூபாவுக்குக் கூடுதலாக விற்க வேண்டும். 26 நாள் கடை திறந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 9,600 ரூபா. வங்கிக் கடனோ குளிரூட்டிக்கான மின் கட்டணமோ இதில் சேரவில்லை.

இந்தக் கூடுதல் விற்பனை உங்கள் ஊரில் நடக்குமா? நடக்கும் என்றால் 30 இலட்சம் சரி. நடக்காது என்றால் 15 இலட்சத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். அடுத்த பருவத்துக்குச் சரக்கு வாங்க வைத்திருக்கும் காசை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வாடிக்கையாளர் வருவது சீலிங்கைப் பார்க்க அல்ல, சரக்கை வாங்க.

ஒளித்துப் பேசும் பழக்கம்

சில வருடங்களுக்கு முன் வெளியூர்ப் புடைவை வியாபாரி ஒருவர் டிசைனருடன் எங்கள் கடைக்கு வந்தார். வயதில் மூத்தவர். டிசைனர் விலை கூடிய இறக்குமதி டைலில் கை வைத்தார். அவர் தொலைபேசியில் பேச வெளியே போன நேரம் நான் மெதுவாகக் கேட்டேன்.

"நாநா, மொத்தமா எவ்வளவு போடப் போறீங்க எண்டு அவருக்குச் சொன்னீங்களா?"

"சொன்னா அவ்வளவையும் முடிச்சிடுவாரே தம்பி!"

நாம் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். சாமான் வாங்கும்போது கையில் உள்ள காசைக் காட்டாமல் பேரம் பேசுவது வியாபாரிக்கு ஊறிப்போன பழக்கம். அங்கே பொருள் கண் முன்னால் இருக்கிறது. விலையை மட்டும்தான் பேச வேண்டும். டிசைனரிடமோ இன்னும் பொருளே இல்லை. நீங்கள் சொல்லும் தொகையை வைத்துத்தான் அவர் பொருளையே தீர்மானிக்கிறார். தொகை தெரியாவிட்டால் தனக்குப் பிடித்ததை வரைவார். பிறகு அதைக் குறைக்கும்போது தேவையானதுதான் முதலில் வெட்டப்படும்.

அந்த நாநாவுக்கும் அதுதான் நடந்தது. தரைக்கும் சீலிங்குக்குமே காசில் பெரும்பகுதி போய்விட்டது. ராக்கைக்கு வந்தபோது பிளைவுட்டுக்குப் பதிலாக மலிவான எம்.டி.எப். பலகை போட்டார்கள். துணிக் கட்டுகளின் பாரத்தில் அது வளைந்தது. மிச்ச வேலையை முடிக்கச் சரக்குக் காசில் கை வைத்தார். அந்த வருட நோன்பு வியாபாரத்துக்கு ராக்கைகளில் பாதிக்குத்தான் துணி இருந்தது. டைலை மட்டும் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

ஆகவே முதல் சந்திப்பிலேயே தொகையைச் சொல்லுங்கள். "எல்லாம் உட்பட இவ்வளவுதான். உங்கள் கட்டணமும் வரியும் இதற்குள்" என்று எழுத்தில் கொடுங்கள். இந்தத் தொகைக்கு முடியாது என்று சொல்லும் டிசைனர் நேர்மையானவர். அவரிடம் எதைக் குறைக்கலாம் என்று பேசலாம்.

30 இலட்சத்தைப் பிரித்தால்

இது விலைப்பட்டியல் அல்ல. எப்படிப் பிரிப்பது என்பதைக் காட்ட ஒரு மாதிரி மட்டுமே.

ராக்கை, கவுண்டர், காட்சி அலுமாரி: 9 இலட்சம்
தரை, சீலிங், பெயின்ட்: 5 இலட்சம்
வயரிங், விளக்கு: 4 இலட்சம்
முகப்பு, பெயர்ப்பலகை: 2½ இலட்சம்
டிசைனர் கட்டணம்: 2½ இலட்சம்
கடை மூடும் நாட்களின் சம்பளம், வாடகை: 1½ இலட்சம்
ஏற்றி இறக்கும் கூலி, குப்பை அகற்றல், சுத்தம்: 1 இலட்சம்
கையிருப்பு: 4½ இலட்சம்

கடைசி மூன்றையும் பலர் எழுதுவதே இல்லை. கடை மூன்று வாரம் மூடிக் கிடந்தாலும் பையன்மாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கையிருப்பு அதைவிட முக்கியம். புதுக் கட்டடத்துக்கு நூற்றுக்கு 10 போதும். பழைய கட்டடத்துக்கு 15, சில வேளை 20 வேண்டும். புறக்கோட்டையில் பழைய சீலிங்கைக் கழற்றினால் உள்ளே கறையான் அரித்த மரமும் காலாவதியான வயரிங்கும் இருக்கும். அதை மூடிவிட்டு மேலே அலங்காரம் செய்ய முடியாது. இப்படி ஒரு கையிருப்பு இருப்பதையும், அது கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு மட்டும்தான் என்பதையும் டிசைனரிடம் சொல்லிவிடுங்கள். விளக்கை அழகாக்க அதை எடுக்கக் கூடாது.

விளக்கு பற்றி ஒரு வார்த்தை. புடைவைக் கடைக்காரர் விளக்கின் அழகைவிட அதன் ஒளியின் தரத்தைப் பார்க்க வேண்டும். நிறத்தை உள்ளபடி காட்டாத விளக்கின் கீழ் வாங்கிய துணி, வெளியே வெயிலில் வேறு நிறமாகத் தெரியும். மறுநாள் அது திரும்பி வரும்.

கட்டணமும் கொமிஷனும்

டிசைனர்கள் பொதுவாக மூன்று விதமாகக் கட்டணம் வாங்குகிறார்கள். மொத்தச் செலவில் வீதம், சதுர அடிக்கு இவ்வளவு, அல்லது முழு வேலைக்கும் ஒரே தொகை. முதல் முறையில் செலவு கூடக் கூட அவருடைய கட்டணமும் கூடும். சிறு வியாபாரிக்கு ஒரே தொகை பேசுவதே நல்லது. எத்தனை வரைபடம், எத்தனை முறை நேரில் வந்து பார்ப்பார், எத்தனை தடவை மாற்றித் தருவார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கொமிஷன் என்பது வெளியே பேசப்படாத விடயம். ஆளைக் கூட்டிவரும் டிசைனருக்குக் கடைக்காரர் ஒரு பங்கு கொடுப்பது எங்கள் தொழிலில் உண்டு. என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காசு கடைசியில் வாங்குபவரின் பில்லில்தான் ஏறும். இதற்காக டிசைனரோடு சண்டை பிடிக்க வேண்டியதில்லை. "கடைகள் தரும் கழிவு எனக்கு வர வேண்டும், உங்களுக்கு உரிய கட்டணத்தை நான் முழுமையாகத் தருகிறேன்" என்று ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொண்டால் போதும். உழைப்புக்குச் சரியான கூலி கிடைக்காத இடத்தில்தான் மறைவான கூலி தேடப்படுகிறது.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

முதலாவது, வற் வரி. 2022 மே வரை 8 வீதமாக இருந்த இவ்வரி, 2024 ஜனவரி முதல் 18 வீதம். "வற் நீங்கலாக" என்ற சிறிய எழுத்தைக் கவனிக்காமல் 20 இலட்சத்துக்கு ஒப்பமிட்டால், மேலும் 3 இலட்சத்து 60 ஆயிரம் கேட்டு பில் வரும். வற் பதிவு உள்ளவர்கள் இதில் எவ்வளவைக் கழிக்கலாம் என்று தங்கள் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அளவு. "ராக்கை வேலை 9 இலட்சம்" என்று ஒற்றை வரியில் தரும் கொட்டேஷனை ஏற்காதீர்கள். எத்தனை அடி, என்ன பலகை, எத்தனை மில்லிமீற்றர், என்ன பிணைச்சல் என்று வரி வரியாக வேண்டும். அப்போதுதான் மூன்று பேரின் விலையை ஒப்பிட முடியும்.

மூன்றாவது, இறக்குமதிப் பொருட்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. 5,000 டொலர் விளக்குகளின் விலை 10 இலட்சத்திலிருந்து 18 இலட்சமானது. அந்த அனுபவத்தை மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டுச் சாமான் தேவையென்றால் வேலை தொடங்க முன்பே வாங்கிக் களஞ்சியத்தில் வைத்துவிடுங்கள்.

வாடகைக் கடையா?

நம்மில் பலர் இருப்பது வாடகைக் கடையில். கீ மணியும் கொடுத்திருப்போம். தரையும் சீலிங்கும் கடைச் சொந்தக்காரருக்கே போய்ச் சேரும். கழற்றி எடுக்கக்கூடிய ராக்கை, கவுண்டர், விளக்கு என்பன நம்மோடு வரும். குத்தகை இன்னும் இரண்டு வருடம்தான் என்றால், மேலே சொன்ன கணக்கை ஐந்தால் அல்ல, இரண்டால் பிரிக்க வேண்டும். குத்தகையை நீடித்துக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குவதே புத்தி.

வேலை தொடங்கிய பின்

பட்ஜட் பெரும்பாலும் உடைவது நாம் வாயால் சொல்லும் மாற்றங்களால்தான். "பாஸ், இங்கேயும் ஒரு அலுமாரி போடுங்க" என்று நின்ற நிலையில் சொல்வோம். அதற்கு எவ்வளவு என்று கேட்க மாட்டோம். எந்த மாற்றமானாலும் விலையை எழுதி, இருவரும் ஒப்பமிட்ட பிறகே செய்ய வேண்டும். காசையும் வேலை முடியும் அளவுக்கேற்பக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசி 10 வீதத்தைக் கதவு, இழுப்பறை, விளக்கு எல்லாம் சரியாக வேலை செய்வதைப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். 2024 இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் கிட்டக்கிட்ட வந்தன. இரண்டையும் தவறவிட்ட புடைவைக் கடைக்கு அந்த வருடம் எழுந்து நிற்பது கஷ்டம். பருவம் முடிந்த கையோடு வேலையைத் தொடங்கி, அடுத்த கொள்வனவுக்கு முன் முடித்துவிட வேண்டும்.

டிசைனரைத் தேடிப் போக முன் ஒரு தாளில் மூன்று இலக்கங்களை எழுதுங்கள்: மொத்தம் எவ்வளவு, அதில் கையிருப்பு எவ்வளவு, தொடவே கூடாத சரக்குக் காசு எவ்வளவு. முதல் இரண்டையும் டிசைனரிடம் சொல்லுங்கள். மூன்றாவதை அவரும் கேட்க வேண்டாம், நீங்களும் எடுக்க வேண்டாம்.