மாங்காய் கடித்தால் பல் ஏன் கூசுகிறது?

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் தள்ளுவண்டியில் உப்பு, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்றைத் தின்றுவிட்டு, உடனே ஐஸ் தண்ணீர் குடித்துப் பாருங்கள். சுரீரென்று ஒரு வெட்டு. சில நொடிகளில் அடங்கிவிடும்.

நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருளான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. கூசுவது அதற்கு அடியில் உள்ள டென்டைன். அதன் ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழல்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரான் அகலம்தான். அவற்றில் திரவம் நிற்கிறது. குழல்வாய் திறந்திருக்கும்போது குளிர் பட்டால், திரவம் சுருங்கி வெளிப்பக்கம் நகரும். காற்று உலர்த்தினாலும், இனிப்பு ஈர்த்தாலும் அதே கதை. அந்த நகர்வு உள்முனையில் இருக்கும் நரம்பைச் சுண்டிவிடுகிறது. சூடு திரவத்தை உள்ளே தள்ளும். நரம்பை அந்த அளவுக்கு உசுப்பாது. அதனால்தான் டீயைவிட ஐஸ் தண்ணீர் அதிகம் கூசுகிறது. ஸ்வீடன் ஆய்வாளர் மார்ட்டின் பிரன்ஸ்ட்ரோம் 1960களில் சோதனைகள் மூலம் நிலைநாட்டிய விளக்கம் இது.

மாங்காயின் புளிப்பில் உள்ள அமிலம் இந்தக் குழல்வாயைத் திறந்துவிடும். ஆனால் புளிப்பு மட்டுமல்ல. திருவொற்றியூர் ஆலைகள் நிறைந்த வட்டாரம் என்பதால் சொல்லியே ஆகவேண்டும்: முலாம் பூசும் பட்டறையிலும் பேட்டரித் தொழிலிலும் எழும் அமிலப் புகை, உதடு மூடாத முன்பற்களைக் கரைக்கும். முகக்கவசம் நுரையீரலுக்கு மட்டும் அல்ல.

எனக்கு அதிகம் கவலை தருவது தேய்ப்புதான். பல் கூசினால் அழுக்கு என்று நினைத்து, செங்கல்தூள், சாம்பல் எதையாவது போட்டு இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம். மோஸ் கடின அளவில் எனாமல் 5. செங்கல்தூளில் உள்ள குவார்ட்ஸ் 7. முரட்டுத் தேய்ப்பில் ஈறும் கீழிறங்கும். வேர்ப்பகுதிக்கு எனாமல் கவசமே இல்லை. மெல்லிய சிமென்டப் படலம் சீக்கிரம் தேய்ந்து டென்டைன் வெளியே வந்துவிடும். கோரைப்பல்லை ஒட்டி, ஈறோரத்தில் நகம் சிக்கும்படி ஒரு பள்ளம் தட்டுப்படுகிறதா? தேய்ப்பு அங்கேதான் வேலை காட்டியிருக்கும்.

மெல்லிய பிரஷ், இளகிய கை போதும். புளிப்பு தின்றால் வாயைக் கொப்பளித்து, அரைமணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். கூச்சத்துக்கான பேஸ்ட் பலவற்றில் இருப்பது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு. அது நரம்பைச் சாந்தப்படுத்தும். ஆனால் பலன் தெரிய சில வாரம் பிடிக்கும்.

குளிர் போன பிறகும் வலி நீடித்து விண்விண்ணென்று தெறித்தால் விஷயம் பற்கூழ் வரை போயிருக்கலாம். சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிராம்புத் தைலத்தோடு நாளைக் கடத்தாமல் அங்கே போய்க் காட்டுங்கள்.