சாக்பீஸ் தெரிகிற கால்

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை; சாலை விபத்தில் போய்விட்டது. ஜெய்ப்பூர் கால் என்ற ரப்பர்ப் பாதம் வைத்த செயற்கைக் கால் மாட்டிக்கொண்டுதான் நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறேன். வகுப்பில் செருப்புப் போடும் பழக்கம் இல்லை. கரும்பலகை ஓரம் நடக்கும்போது காலடியில் ஒரு சாக்பீஸ் துண்டு அகப்பட்டால் குனிந்து பார்க்காமலே தெரிந்துவிடும். குதிகாலிலா, விரல் பக்கமா என்பதுகூடத் தெரியும். “ரப்பருக்கு ஏது டீச்சர் நரம்பு?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ரப்பருக்கு நரம்பு இல்லை. ஆனால் மிச்சமிருக்கிற காலுக்கு இருக்கிறது. ஸ்டம்ப் என்று நாங்கள் சொல்லும் அந்த மிச்சக் கால், சாக்கெட் என்ற கெட்டியான உறைக்குள் உட்காருகிறது. குதிகாலில் எதுவும் மிதிபட்டால் முன்னெலும்பின் வெட்டுப்பட்ட முனை சாக்கெட்டின் முன்சுவரில் அழுந்தும். விரல் பக்கம் மிதிபட்டால் முழங்கால் சில்லுக்குக் கீழே அழுத்தம் ஏறும். புதிதாகக் கால் போட்டவர்களுக்கு இதெல்லாம் வெறும் வலி. நடக்க நடக்க, எந்த இடத்து அழுத்தம் தரையின் எந்தச் செய்தி என்பதை மூளை படித்துக்கொள்கிறது. அதன்பிறகு அழுத்தம் தெரிவதில்லை, தரைதான் தெரிகிறது.

மூளை இப்படி எளிதில் ஏற்றுக்கொள்ளுமா என்று சந்தேகப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே செய்துகாட்டுவேன். ஒரு கையுறையில் பஞ்சு அடைத்து மேசைமேல் வைப்பேன். பக்கத்தில் ஒரு பிள்ளை தன் கையை அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும். இரண்டு தூரிகைகளால் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில், ஒரே விரலில், ஒரே திசையில் வருடுவேன். சற்று நேரத்தில், கையுறையில்தான் தூரிகை படுகிறது என்று பிள்ளை சொல்லும். அப்போது ஸ்கேலை எடுத்துக் கையுறையில் ஓங்கினால் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்ளும். 1998-இல் பாட்வினிக், கோஹன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ரப்பர் கையை வைத்து வெளியிட்ட சோதனை இது. இரண்டு தூரிகைகளும் ஒரே நேரத்தில் இல்லாமல் முன்பின்னாக வருடினால் மயக்கம் பெரும்பாலும் கலைந்துவிடும். கண் பார்ப்பதும் தோல் உணர்வதும் ஒரே கணத்தில் சேர வேண்டும்.

ஜப்பானில் அட்சுஷி இரிகி குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. எட்டாத தீனியைச் சின்ன வாரியால் இழுத்தெடுக்கக் குரங்குகளுக்குப் பழக்கினார்கள். கைக்கு அருகில் வருவதைக் கவனிக்கும் மூளைச் செல்கள், பழகிய பிறகு வாரியின் நீளம் முழுவதையும் கவனிக்கத் தொடங்கின. சும்மா கையில் பிடித்திருந்தபோது அந்த மாற்றம் இல்லை. வேலை செய்தபோதுதான் வந்தது.

வெட்டுப்பட்டவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. போன கால் போகாமல் இருக்கும். எனக்குக் கட்டைவிரல் அரிக்கும், சொறிய இடமிருக்காது. 1871-இல் அமெரிக்க மருத்துவர் வேய்ர் மிட்செல் இதற்கு மாயக்கால் என்ற பொருளில் பெயர் வைத்தார். காலையில் செயற்கைக் காலை மாட்டியதும் அந்த மாயக்கால் அதற்குள் இறங்கிக்கொள்கிறது. விரல்கள் ரப்பர் விரல்களின் இடத்துக்கு வந்துவிடுகின்றன.

பலர் கேட்பது, “கனமாக இருக்குமே?” என்று. முழங்காலுக்குக் கீழுள்ள சொந்தக் கால் உடல் எடையில் சுமார் 6 சதவீதம். அறுபது கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல். செயற்கைக் கால் பெரும்பாலும் அதைவிட இலேசு. ஆனாலும் கனக்கும், ஏனென்றால் அதிலிருந்து நரம்பு வழியே எதுவும் திரும்பி வருவதில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள் தொடையில் உள்ள நரம்பில் மின்முனைகள் பதித்து, பாதத்தின் தொடு உணர்வை நேரே நரம்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அப்படிப் பரிசோதித்த ஒருவருக்கு அதே கால் 23 சதவீதம் இலேசாகத் தோன்றியது.

அந்த வசதி நமக்கு எட்டும்வரை, செய்தி வந்துசேரும் ஒரே வழி சாக்கெட். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968-இல் உருவாக்கிய பாதத்தை எல்லோரும் மலிவு என்று புகழ்கிறார்கள். வெறுங்காலோடு தரையைத் தொட விடுகிறதே, அதைத்தான் நான் முதலில் புகழ்வேன். ஆனால் எத்தனை நல்ல பாதமானாலும் சாக்கெட் பொருந்தாவிட்டால் பயனில்லை. மதியத்துக்கு மேல் ஸ்டம்ப் சற்று வற்றும்; உள்ளே இடம் விழுந்து கால் லொடலொடக்கும். அந்த நேரம் சாக்பீஸை மிதித்தாலும் தெரியாது. கால் வெறும் சுமையாகிவிடும். ஸ்டம்பின் மேல் இன்னொரு சாக்ஸ் போட்டு இறுக்கினால் மறுபடி தரை வரும்.

அதனால்தான் முகாம்களில் கால் கொடுத்துப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. மாவுக்கட்டு அச்சு எடுத்து ஒரு தரம் மாட்டிப் பார்த்தால் முடிகிற வேலை அல்ல இது. முதல் ஆண்டில் ஸ்டம்ப் மெலிந்துகொண்டே போகும். சாக்கெட்டைத் திருத்தவோ மாற்றவோ வேண்டியிருக்கும். புதிதாகக் கால் வாங்கப் போகிறவர்கள் வீடு திரும்புவதற்கு முன், அடுத்த திருத்தத்துக்கு என்றைக்கு வரவேண்டும், நடைப்பயிற்சி யார் தருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.