முகமற்ற நிர்வாகியும் மக்கள் எழுச்சியும்: வாயெல் கோனிம் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றிலே தனிமனிதன் வகிக்கும் பாத்திரம் யாது என்னும் வினா முற்போக்குச் சிந்தனையாளரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். சமூக ஊடகங்கள் அவ்வினாவைப் புதியதொரு வடிவத்தில் எம்முன் நிறுத்தியுள்ளன. கட்சியோ தொழிற்சங்கமோ பத்திரிகையோ இன்றிக் கணினியின் முன்னமர்ந்து இலட்சக்கணக்கானோரின் அரசியலுணர்வைத் தூண்டும் ஒருவரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? எகிப்தியரான வாயெல் கோனிமை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். தமது புகழுக்கு அடிப்படையாயிருந்த கருத்தையே பின்னர் பகிரங்கமாக மறுத்துரைத்தவர் என்பதும் இத்தெரிவுக்கு ஒரு காரணமாகும்.

1980இல் கெய்ரோவிற் பிறந்த கோனிம், கணினிப் பொறியியலும் வணிக நிருவாகமும் கற்றவர். 2008இல் கூகுள் நிறுவனத்திற் சேர்ந்து, 2010 தொடக்கம் துபாயிலிருந்து மத்திய கிழக்கு, வட ஆபிரிக்கப் பகுதிகளுக்கான சந்தைப்படுத்தலுக்குப் பொறுப்பாயிருந்தார். நல்ல ஊதியம் பெற்ற மத்தியதர வர்க்கத்து இளைஞர் என்பதும், அவரது தொழில் சந்தைப்படுத்தல் என்பதும் மனங்கொள்ளத்தக்கவை.

2010 யூன் 6ஆம் தேதி அலெக்சாந்திரியா நகரிலே காலித் சயீத் என்னும் 28 வயது இளைஞர் இணைய நிலையமொன்றிலிருந்து பொலிசாரால் இழுத்துச் செல்லப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். போதைப்பொருட் பொட்டலமொன்றை விழுங்கியதால் மூச்சடைத்து இறந்தார் என அதிகாரிகள் கூறினர். ஆனால், சிதைந்த அம்முகத்தின் நிழற்படம் பரவியது. அதைக் கண்ட கோனிம், 'நாமனைவரும் காலித் சயீத்' என்னும் முகநூற் பக்கத்தைத் தம் பெயரை மறைத்துத் தொடங்கினார். அப்துல் ரஹ்மான் மன்சூர் என்பவர் உடன் நிர்வாகியாயிருந்தார்.

இப்பக்கத்தின் மொழியை நாம் சற்று ஊன்றி நோக்கவேண்டும். இறந்த இளைஞனே 'நான்' எனப் பேசுவது போலக் கோனிம் எழுதினார். அதுவும் செந்நெறி அரபு மொழியிலன்று; எகிப்தியரின் அன்றாடப் பேச்சு வழக்கில். எழுத்து மொழிக்கும் பேச்சு மொழிக்குமிடையே பெரும் இடைவெளி நிலவும் சமுதாயத்தில் இது சிறு விடயமன்று. (இரட்டை வழக்கினுள் வாழும் தமிழருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.) கட்சி அறிக்கைகளின் நடைக்குச் செவிசாய்க்காத இளைஞர் இக்குரலுக்குச் செவிசாய்த்தனர். பொருளொன்றை வாங்குவோரைப் படிப்படியாக ஈர்க்கும் விற்பனை உத்தியையே தாம் கையாண்டதாகக் கோனிம் 2012இல் வெளியான தமது நூலிலே விளக்குகின்றார்: முதலிற் பக்கத்திற் சேர்தல், பின் கருத்துரைத்தல், பின் இணையப் பிரசாரத்திற் பங்குகொள்ளல், இறுதியாக வீதிக்கு இறங்கல். கருநிற உடையணிந்து கடற்கரையில் மௌனமாக நிற்கும் போராட்டங்கள் அவ்விறுதிப் படியின் முதல் வடிவமாகும்.

2011 ஜனவரி 14ஆம் தேதி துனீசிய ஆட்சியாளர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். பொலிஸ் தினமான ஜனவரி 25இல் வீதிக்கு வருமாறு கோனிமின் பக்கம் அறைகூவல் விடுத்தது. 27ஆம் தேதி அவர் கைதாகிக் கண்கள் கட்டப்பட்ட நிலையில் தடுத்து வைக்கப்பட்டார். பெப்ரவரி 7ஆம் தேதி விடுதலையான அன்றிரவே தொலைக்காட்சி நேர்காணலொன்றில் தோன்றி, தாம் வீரனல்லர் என்றார். மாண்டோரின் படங்கள் காட்டப்பட்டபோது அழுதுகொண்டே எழுந்து சென்றார். மறுநாள் தஹ்ரீர் சதுக்கத்திற் பெருங்கூட்டம் திரண்டது. 11ஆம் தேதி முபாரக் பதவி விலகினார்.

இதனை 'முகநூற் புரட்சி' என மேலைநாட்டு ஊடகங்கள் வருணித்தமை எமக்கு உடன்பாடன்று. ஜனவரி 28ஆம் தேதி அரசு நாடெங்கும் இணையத்தைத் துண்டித்தது. அன்றுதான் மக்கள் வெள்ளம் பொலிசாரை வீதிகளிலிருந்து விரட்டியது. மஹல்லா அல்குப்ரா நகரின் நெசவாலைத் தொழிலாளர் 2006 தொடக்கமே பெரும் வேலைநிறுத்தங்களை நடத்தி வந்தனர். 2008இல் தோன்றிய ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம் அவர்களுக்கு ஆதரவாக எழுந்ததே. முபாரக்கின் இறுதி நாட்களிற் பல துறைகளிலும் பரவிய வேலைநிறுத்தங்களையும் மறத்தலாகாது. எனினும், கோனிமின் பக்கத்தை வெறும் பகட்டென ஒதுக்குவோருடனும் நாம் உடன்படவில்லை. தேதி குறித்ததும், தனித்தனியே அஞ்சியிருந்தோருக்குத் தாம் தனியரல்லர் என உணர்த்தியதும் அப்பக்கமே.

ஆனால், கூட்டத்தைத் திரட்டிய சாதனம் அமைப்பொன்றைக் கட்டவில்லை. வெற்றிடத்தை நிரப்பக்கூடிய நிலையில் இராணுவமும் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கமுமே இருந்தன. 2012இல் முகம்மது முர்சி சனாதிபதியானார். 2013 யூலை 3ஆம் தேதி இராணுவம் அவரை அகற்றியது. கோனிம் மௌனமானார்.

2015 டிசம்பரில், ஈராண்டுக்கு மேற்பட்ட அம்மௌனத்தைக் கலைத்து அவர் ஆற்றிய உரை எம் கருத்தில் அவரது பணிகளுள் மிக முக்கியமானது. சமுதாயமொன்றின் விடுதலைக்கு இணையம் போதுமென முன்னர் கூறியது தவறு என ஒப்புக்கொண்டார். வதந்தியும் வசையும் விரைந்து பரவுவதும், ஒத்த கருத்தினரோடு மட்டுமே ஒவ்வொருவரும் உரையாடுவதும் இச்சாதனங்களின் அமைப்பிலேயே உள்ளன என்றார். நிதானமான விவாதத்துக்கென அவர் நிறுவிய பார்லியோ என்னும் தளத்தை 2016இல் குவோரா நிறுவனம் வாங்கியது. இலாபத்துக்காக இயங்கும் நிறுவனங்களே இத்தளங்களின் உடைமையாளர் என்பதை அவரது விமர்சனம் போதிய அளவு அழுத்தவில்லை என்பது எம் குறைபாடு.

2019 செப்டெம்பரில், அமெரிக்காவில் வாழ்ந்த கோனிம் அப்துல் பத்தா அல்சிசியின் ஆட்சியைக் கண்டித்து மீண்டும் காணொளிகள் வெளியிட்டார். அம்மாதமே கெய்ரோவிலிருந்த அவரது சகோதரர் கைதுசெய்யப்பட்டார்.